தனிப் பிளக் பாயின்ட்

சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் வேலையைப் பறித்த கடிதத்தை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் எங்கேயாவது நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வது போலத் தெரிந்தால் இந்த முதல் வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோமதிசங்கர். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. இப்போது யார் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்? ரவுட்டர், சிசிடிவி கேமரா, பிரிண்டருக்கு மை, இவைதான் ஓடுகின்றன. வீட்டு இன்டர்நெட்டில் கோளாறு என்றால் ஊரில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் எனக்குத்தான் போடுவார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. உண்டு என்ன, இருந்தது.

சங்கரபாண்டியன் அந்த இன்டர்நெட் கம்பெனியின் லைன்மேன். ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் மேலநீலிதநல்லூர் பக்கம். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று முப்பது வயதில் இங்கே வந்து, கேபிள் டி.வி. காலத்தில் கம்பம் ஏற ஆரம்பித்தவர். கேபிள் போய் இன்டர்நெட் வந்தது. முதலாளி மாறினார். கம்பெனியின் பெயர் மூன்று தடவை மாறியது. ஏணியும் அவரும் மட்டும் மாறவில்லை. எந்த வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து ஒயர் போகிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் வாசலோடு நின்று பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதிகம் பேச மாட்டார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் ஒயர் அறுந்து தெருவில் ஒரு வீட்டிலும் இணைப்பு இல்லாமல் கிடந்தாலும் "சரி பண்ணிருவோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இருபத்திரண்டு வருஷம் அவரைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. முதல் புகார் என் கையால் போனது.

அந்தப் புகார் ஷிரின் பானு வீட்டில் ஆரம்பித்தது. பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் மாடி வீடு. கணவர் அப்துல் ஜப்பார் பதினாறு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு, முழங்கால் தேய்ந்து போய், போன வருஷம் ஊர் திரும்பியவர். அவர் உட்கார்ந்ததும் ஷிரின் எழுந்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தபடியே அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்கிற வேலை கிடைத்தது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து எட்டு மணி நேரம் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "எந்த டாக்டரைப் பார்க்கணும், சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஹெட்போன் என்றால் சாதாரண ஹெட்போன் இல்லை. காதை முழுக்க மூடிவிடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

வேலை நல்ல வேலைதான். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் அவர் பேரில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் வேலை கிடையாது. லைனோ அறுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் ஒரு தடவை, ஒரு நாள் மூன்று தடவை, சில நாள் ஒன்றுமே இல்லை. ஆறேழு நிமிஷத்தில் தானாக வந்தும் விடும். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. சங்கரபாண்டியன் நாலு தடவை வந்து பார்த்தார். அவர் வரும்போதெல்லாம் லைன் நன்றாக இருக்கும். பழைய ஒயரை மாற்றினார், கம்பத்தில் ஒயர் முனைக்குப் புதுப் பிளக் அடித்தார், ஒன்றும் பலிக்கவில்லை.

ஷிரின் என் கடைக்கு வந்தபோது அழுகிற நிலையில் இருந்தார்.

"அண்ணாச்சி, நெட்டு போனதும் ஹெட்போனக் கழத்திப் போட்டுட்டு, போன்ல சூப்பர்வைசருக்குச் சொல்லிட்டு, கீழ எறங்கி ஓடுதேன். அங்கன போயிப் பாத்தா மோடத்துல லைட்டு எல்லாம் எரியுது. மேல வந்து உக்காந்தா நெட்டும் வந்துருது. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு."

"கம்பெனிக்காரன் சும்மா குடுக்குத மோடம் எல்லாம் ஒரு மோடமா தங்கச்சி? சொந்தமா ஒரு ரவுட்டர் போடுங்க. மாடியிலயே வைப்போம்."

விற்பனைக்காக மட்டும் சொல்லவில்லை. விற்பனைக்காகவும்தான் சொன்னேன். நல்ல ரவுட்டரில் இன்னொரு வசதி உண்டு. எந்த நிமிஷம் லைன் போனது, எந்த நிமிஷம் திரும்பி வந்தது என்று அதுவே ஒரு பதிவு எழுதி வைக்கும். கம்பெனியைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அதைச் சொன்னதும் ஷிரினின் முகம் தெளிந்தது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சண்டை போட ஒரு ஆள் கிடைத்தால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

சொந்த ரவுட்டர் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனியின் மோடத்தை முழுவதும் தூக்கிப் போட முடியாது. ஃபைபர் ஒயர் அதில்தான் வந்து சேரும். அதை வெறும் வழி விடுகிற பெட்டியாக மாற்றிவிட்டு, அதிலிருந்து ஒரு ஒயரை மாடிக்கு இழுத்து, நம் ரவுட்டரில் கம்பெனியின் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் போட வேண்டும். கம்பெனி அந்த இரண்டையும் யாருக்கும் கொடுப்பதில்லை. போன் போட்டால், எங்கள் மோடமே போதுமானது என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

சங்கரபாண்டியன் கொடுத்தார். ஷிரினின் நிலைமையைக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, இரண்டையும் எழுதி என் கையில் வைத்தார்.

"நான் குடுத்தேன்னு எங்கயும் சொல்லிராத தம்பி. அந்தத் தாயி வேல போயிரக் கூடாது, அதுக்குத்தான்."

அன்று மூன்றரை மணிக்கு ஷிரினுக்கு இடைவேளை. அந்த இடைவேளைக்குள் மாற்றிவிட வேண்டும் என்று நாங்கள் மூன்று மணிக்கே போய்விட்டோம். கீழே ஹாலில் பெரிய டி.வி. அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கம்பெனி மோடம். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஸ்டாண்டு ஃபேன், மோடம் நான்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தன. அந்தப் பாக்ஸ் சுவரில் ஒரே ஒரு சுவிட்சில். எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? சங்கரபாண்டியன் மோடத்தை மாற்றி அமைத்தார். அவரும் நானுமாக ஒயரை மாடிக்கு இழுத்தோம். ஒயர் முனையில் பிளக் அடிக்கிற கருவி அவருடையது உடைந்திருந்ததால் என்னுடையதைக் கொடுத்தேன். மாடியில் ரவுட்டரைத் தனிப் பிளக்கில் மாட்டி, நான் பாஸ்வேர்டைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. ஷிரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். சங்கரபாண்டியன் மிச்ச ஒயரைச் சுருட்டக் கீழே போனார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஷிரின் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார். நெட் போய்விட்டது. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. ரவுட்டர் தன் முதல் வரியை எழுதியிருந்தது. மணி 4.01, மோடத்திலிருந்து இணைப்பு இல்லை. எனக்குக் கோபத்துக்குப் பதில் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சாட்சி கிடைத்துவிட்டதே. கொஞ்ச நேரம் அதை ரசித்துவிட்டுக் கீழே வந்தேன். ஜப்பார் பாய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. சங்கரபாண்டியன் டி.வி.க்குப் பக்கத்தில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, புது ரவுட்டருக்குக்கூட உங்க லைன் மரியாத குடுக்க மாட்டேங்குதே?"

அவர் சுவரை விட்டு ஜப்பார் பாயிடம் திரும்பினார்.

"பாய், இந்த மோடத்துக்குத் தனியா ஒரு பிளக் பாயின்ட் போட்டுருங்க. இந்தப் பாக்ஸுல வேண்டாம். சுவருல தனியா. சீக்கிரம் போட்டுருங்க."

"சரி அண்ணாச்சி, எலக்ட்ரீசியன வரச் சொல்லுதேன்" என்றார் ஜப்பார் பாய்.

நான் சிரித்துவிட்டேன். "லைன் போகுதுன்னு சொன்னா பிளக் பாயின்ட் போடச் சொல்லுதீங்களே அண்ணாச்சி. அப்படியே வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சிருவோமா?"

அவர் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எலக்ட்ரீஷியன் வரவில்லை. நானே அதைக் கேலி செய்த பிறகு யார் அவரைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்?

மூன்று வாரம் பதிவு சேர்ந்தது. மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்தேன். கம்பெனி மேனேஜருக்குக் கடிதத்தை நானே எழுதி ஷிரினிடம் கையெழுத்து வாங்கினேன். வாடிக்கையாளரின் வேலை போகும் நிலையில் இருக்கிறது, ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது, உங்கள் லைன்மேனோ காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வீட்டுப் பிளக் பாயின்ட் மேல் பழி போட்டுத் தட்டிக்கழிக்கிறார் என்று எழுதினேன். தட்டிக்கழிக்கிறார் என்ற வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தடவை போட்டேன்.

மேனேஜர் எனக்குப் போன் செய்தார். எடுத்ததும் லைனைப் பற்றிக் கேட்கவில்லை.

"எங்க பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"உங்க ஆளுதான் குடுத்தாரு" என்றேன். சொல்லக் கூடாது என்று சங்கரபாண்டியன் சொன்னது ஞாபகம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஞாபகம் இருந்தது. வாதத்தில் ஜெயிக்கிற வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

பத்து நாள் கழித்து சங்கரபாண்டியன் கடைக்கு வந்தார். பிளக் அடிக்கிற கருவியைத் துணியில் துடைத்து மேஜை மேல் வைத்தார்.

"இந்தா தம்பி. இனிமே எனக்கு இது தேவப்படாது."

"ஏன் அண்ணாச்சி, புதுசு வாங்கிட்டீங்களா?"

"நிப்பாட்டிட்டாங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். ஒரு வசவு வாங்குவார், குருவிகுளம் பக்கம் மாற்றிப் போடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சோற்றிலேயே கை வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆனாலும் என் புத்தி எப்படிப்பட்டது என்று பாருங்கள். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லைன் சரியில்லை, பதிவு இருக்கிறது, பதிவு பொய் சொல்லாது.

பதிவு பொய் சொல்லவில்லைதான். புது லைன்மேன் வந்தார். லைன் அதே போல அறுந்தது. ஷிரினின் மூன்றாவது எச்சரிக்கைக்கு இன்னும் நாலே புள்ளி பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் ஐந்தரைக்குப் போன் வந்தது. "உடனே வாங்க அண்ணாச்சி" என்றார். குரலே சரியில்லை. போனேன். ஹாலில் தரையில் என்னுடைய மூன்று பக்கத்தையும், அதற்குப் பிறகு வந்த பதிவையும் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் சுவரிலிருந்து கழற்றிய பள்ளிவாசல் தொழுகை அட்டவணை.

"சாயங்காலப் பதிவ மட்டும் வரிசையாப் படிங்க."

படித்தேன். 6.21. 6.20. 6.20. 6.19. 6.18. நடுநடுவில் சில நாள் இல்லை. ஆனால் இருக்கிற நாளில் எல்லாம் மணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரி 6.06.

"லைன் கோளாறு சூரியனப் பாத்தா அண்ணாச்சி வரும்?" என்றார் ஷிரின். அட்டவணையில் சூரியன் மறைந்ததும் தொழுகிற மஃரிப் தொழுகையின் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். ஒவ்வொரு நாளும் அதே நிமிஷம். மத்தியானப் பதிவைப் பார்த்தோம். மதியத் தொழுகை, லுஹர். நாலு மணிப் பதிவு அஸர். ஏழரை மணிப் பதிவு இஷா. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்காரன் அந்த நேரத்தில் ஏதாவது செய்கிறானோ, மைக் போடுகிறதில் கரன்ட் இறங்குகிறதோ என்று என்னென்னவோ உளறினேன். ஷிரின், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அந்த நேரத்தில் டி.வி.க்குப் பின்னால் இருக்கிற மோடம் தெரிகிற மாதிரி ஹாலில் நகர்ந்து உட்கார்ந்தார். ஜப்பார் பாய் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் காகிதங்களை அவர் கவனிக்கவே இல்லை.

பாங்கு ஆரம்பித்தது.

ஜப்பார் பாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரோரம் போய், அந்த ஒரே சுவிட்சை அமர்த்தினார். டி.வி. அணைந்தது. ஃபேன் மெதுவாக நின்றது. டி.வி.க்குப் பின்னால் மோடத்தின் விளக்குகள் மொத்தமாக அணைந்தன.

ஷிரினின் கை வாய்க்குப் போனது. ஆனால் சத்தம் வரவில்லை. பாங்கு சொல்லி முடிக்கும் வரை அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஷிரினும் நானும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜப்பார் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, பாங்கின் வார்த்தைகளை வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு நீளமான நாலு நிமிஷத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. முடிந்ததும் அவர் துஆ ஓதி, மறுபடியும் சுவிட்சைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தொழ அவருக்கு ஃபேன் வேண்டும். ஃபேன் சுற்றியது. டி.வி. அணைந்தபடியே இருந்தது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

"யா அல்லா" என்றார் ஷிரின். "நீங்களாங்க? இத்தன நாளும் நீங்களா?"

ஜப்பார் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தப் பெட்டியும் இதுலதான் இருக்கா? எனக்குத் தெரியாதே பானு. டி.வி. ஓடுனா மட்டுந்தான் அமத்துவேன். ஓடலைன்னா தொடவே மாட்டேன்."

"ரிமோட்ல அமத்தக் கூடாதா?"

"நீதான சொன்ன?" என்றார் அவர், குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, மெதுவாக. "கல்யாணமான புதுசுல நான் ரிமோட்ல சத்தத்தக் கொறச்சேன். சத்தம் நின்னாலும் படம் ஓடுதுல்லா, பாங்கு நேரத்துல சுவிட்சையே அமத்துங்கன்னு நீதான சொன்ன? அன்னையில இருந்து அமத்துதேன்."

ஷிரின் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான்தான் சொன்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஜப்பார் பாய் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது.

"அந்த லைன்மேன் அண்ணாச்சி பாத்தாரே. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் மேல இருக்கும்போது அசருக்குப் பாங்கு சொன்னாங்க. நான் சுவிட்ச அமத்துனேன். அவரு இங்கனதான் நின்னாரு. கையக் கட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சு, முடியுத வரைக்கும் நின்னாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

மோடம் அணைந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியும். அதனால்தான் பிளக் பாயின்ட். நான் சிரித்த பிளக் பாயின்ட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் தொழில் வெட்கம். வெளியே லைன் போனால் ரவுட்டர் ஒரு மாதிரி எழுதும். வீட்டுக்குள் இருக்கிற மோடமே அணைந்தால் வேறு மாதிரி எழுதும். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அந்த மூன்று பக்கத்திலும் மோடம் அணைந்ததாகத்தான் வரிக்கு வரி எழுதியிருந்தது. நான் மணியை மட்டும் பார்த்தேன். எனக்கு வேண்டியது காரணம் இல்லை, குற்றவாளி.

மறுநாள் காலை மூன்று பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் ஃபைலை எடுத்துப் போட்டார். மேலே என் கடிதம். அதன் கீழே, விளக்கம் கேட்டு அவர்கள் அனுப்பியதற்கு சங்கரபாண்டியன் எழுதிக் கொடுத்த தாள். இரண்டே வரி. இணைப்பு துண்டிக்கப்படுவதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்டு கொடுத்தது நான்தான்.

"இருவத்திரண்டு வருசம் சர்வீஸ் உள்ள ஆளு, காரணம் தெரியலைன்னு எழுதிக் குடுத்தா நான் என்ன செய்ய?" என்றார் மேனேஜர்.

ஷிரின் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, மறுபடியும் படித்தார். தெரிந்துகொண்டே தெரியவில்லை என்று ஒரு மனிதர் தன் வேலையை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று எங்கள் மூன்று பேருக்குமே அப்போது விளங்கவில்லை. ஷிரின் ஒரு தாள் கேட்டு வாங்கினார். நடந்ததை நடந்தபடி எழுதினார். கணவரும் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் வாசித்துவிட்டு நெளிந்தார்.

"இதுல பாங்குன்னு எல்லாம் வேண்டாமேம்மா. வீட்டு மின் இணைப்புக் கோளாறுன்னு பொதுவாப் போட்டுக்கலாமே?"

"இல்ல சார். நடந்தது அதுதான். அப்படியே இருக்கட்டும்."

மேனேஜர் அதை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்த இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது என்றும் சொன்னார். அந்தத் தாளுக்கு இன்றுவரை கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை.

சங்கரபாண்டியன் பூ மார்க்கெட்டில் எடை போடுகிறார் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். போனோம். ஈரச் சாக்குகளுக்கு நடுவில் தராசுக்குப் பின்னால் நின்று பிச்சிப்பூவை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இன்னொருவரிடம் தராசைக் கொடுத்துவிட்டு ஓரமாக வந்தார். ஷிரின்தான் முதலில் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி? ஏன் சொல்லல?"

அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எப்படித் தாயி சொல்ல? பாங்கு நேரத்துல லைன் போகுதுன்னு நான் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா அது அங்கனயே கெடக்குமா? எவனாவது போட்டோ புடிச்சு போன்ல விடுவான். பாங்குனால நெட்டு போகுதாம்னு ஊரு பூரா சுத்தும். அப்புறம் அத யாரு நிப்பாட்ட? உங்க தெருவுல இருவத்திரண்டு வருசம் ஏணி போட்டிருக்கேன். எல்லா வீட்டுலயும் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன். என் கையால அப்படி ஒரு பேச்சு கெளம்பணுமா?"

"எங்க வீட்டுக்குள்ள சொல்லியிருக்கலாமே, எங்ககிட்ட மட்டும்?"

"தொழுக விசயத்துல நான் வாய் குடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் பிளக் பாயின்ட்டுன்னு சொன்னேன். போட்டுருவீங்க, தானாச் சரியாயிரும்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி, அந்த லெட்டர நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நான் எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் ஷிரின். "பாங்குன்னே எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. சுவிட்ச அமத்துனது நாங்க. அத எழுதுததுல எங்களுக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஒங்க ஹக்க, ஒங்களுக்குச் சேர வேண்டியத நாங்க பறிச்சமே, ஒங்க வேலைய, அதுதான் அண்ணாச்சி எங்களுக்கு வெக்கம்."

சங்கரபாண்டியன் அசந்துபோய் நின்றார். எதைச் சொல்லக் கூடாது என்று தன் பிழைப்பையே விட்டாரோ அதை இந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அவர் ஷிரினைப் பார்த்தார், ஜப்பார் பாயைப் பார்த்தார், கையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டினார். பிறகு கேட்டார்.

"பிளக் பாயின்ட் போட்டாச்சா தாயி?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதிர்ச்சி, அழுகை, ஆபீஸ், கடிதம், இத்தனைக்கும் நடுவில் அது யாருக்கும் தோன்றவில்லை. மோடம் இன்னும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷிரின் வேலைக்கு உட்கார வேண்டும். ஜப்பார் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

சங்கரபாண்டியன் போனில் மணி பார்த்தார்.

"பதினொண்ணுதான ஆகுது. லுஹர் பாங்கு பன்னெண்டரைக்கு. அதுக்குள்ள போட்டுரலாம்" என்றார். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "கடையில பிளக் பாயின்ட் ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வா."